மூக்கை அலசலாம், காற்றை?

இத்தாலியிலும் பிரான்சிலும் கந்தக வெந்நீர் ஊற்றின் ஆவியை இழுப்பது நாள்பட்ட மூக்கடைப்புக்கும் சைனஸுக்கும் மருத்துவமாகவே நடக்கிறது. பலன் உண்டு என்கிற ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அந்த ஊற்றில் துளியளவு கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டியில் இறங்குபவரின் உயிரைக் குடிக்கும் விஷவாயு. ஆகவே கந்தகத்தில் மயங்க வேண்டாம். மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கும் உப்புநீர் அலசல் அடுப்படியிலேயே கிடைக்கும்: கொதிக்க வைத்து ஆறிய கால் லிட்டர் நீரில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. குழாய் நீரை அப்படியே மூக்கில் விட்டால் மூளையைத் தின்னும் அமீபா நுழையக்கூடும்.

தோல் ஆலையின் பசை நெடியிலும், தோலைத் தேய்க்கும் பஃபிங் தூசியிலும் நாளெல்லாம் நிற்பவருக்கு இது போதுமா? மாலையில் அலசிய மூக்கு மறுநாள் அதே தூசியைத்தான் இழுக்கிறது. ஆலை திருந்தும்வரை தொழிலாளி மூச்சுத் திணற வேண்டுமா என்று கேட்பது நியாயமே; அலசல் அந்த இடைக்காலத்துக்குத்தான். ஆனால் அது நிவாரணம் மட்டுமே; தீர்வு, தூசியை இயந்திரத்தின் அருகிலேயே உறிஞ்சியெடுக்கும் குழாய். தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டது குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. பாலாற்று நீருக்குச் சொன்ன நியாயம் ஆலைக்குள் சுழலும் காற்றுக்கும் பொருந்த வேண்டும்.