பல்லைக் காக்கும் வெண்சாந்து

பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. உணவை மென்று அரைப்பதற்கும், சொற்களைத் திருத்தமுற ஒலிப்பதற்கும், முகத்திற்குப் பொலிவு தருவதற்கும் பற்கள் இன்றியமையாதன. மனித உடம்பிலுள்ள பொருள்கள் எல்லாவற்றுள்ளும் மிகக் கடினமானது, பல்லின் மேற்பரப்பைப் போர்த்துள்ள எனாமலே ஆகும். எலும்பினும் அது வன்மை மிக்கது. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. முறிந்த எலும்பு மீண்டும் கூடும். கீறுண்ட தோல் மீண்டும் வளரும். குழிவிழுந்த எனாமலோ மீண்டும் வளராது. அதனை உண்டாக்கிய உயிரணுக்கள், பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

இத்துணை வன்மையுடைய பொருளைக் குழிப்பது யாது? பல்லைப் புழு அரிக்கின்றது என்று பண்டைக் காலத்தில் பல நாட்டவரும் நம்பினர். பிரான்சு நாட்டுப் பல் மருத்துவராகிய பியர் போஷார், 1728 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அந்நம்பிக்கையை மறுத்தார். பின்னர், அமெரிக்கராகிய வில்லோபி மில்லர் என்பார் பெர்லின் நகரில் ஆராய்ந்து, 1890 இல் உண்மையை விளக்கினார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள், பல்லில் ஒட்டிய சர்க்கரையையும் மாவையும் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தைச் சிறிது சிறிதாக ஈடுசெய்யும். ஆனால், இடைவிடாது இனிப்புத் தின்பவர் வாயில் அதற்குரிய காலம் உமிழ்நீருக்குக் கிடைப்பதில்லை.

எனாமலில் நரம்பு இல்லை. ஆதலால், சொத்தை தொடங்கும்போது வலி தோன்றுவதில்லை. அது எனாமலைக் கடந்து, அடுத்துள்ள டென்டைன் என்னும் பகுதியை அடைந்த பின்னரே, குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகின்றது. நடுவேயுள்ள பற்கூழை எட்டினாலோ பொறுத்தற்கரிய வலி உண்டாகின்றது. வலி வரட்டும், பார்த்துக்கொள்வோம் என்றிருப்பவர் காலம் தாழ்த்தியவரே ஆவர்.

சொத்தையை நீக்கிக் குழியை அடைப்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இரசக்கலவை பயன்பட்டு வந்தது. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியைப் பாதரசத்தோடு குழைத்துச் செய்வது அது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமே. அக்கலவை உறுதியானது, விலையும் குறைவு. ஆயினும் அது பல்லோடு ஒட்டுவதில்லை. அது கழன்று விழாதிருக்க, குழியை வாய் குறுகியும் உள்ளே அகன்றும் இருக்குமாறு மருத்துவர் குடைய வேண்டியிருந்தது. நோயுற்ற பகுதியை நீக்கப் புகுந்தவர், நோயற்ற பகுதியையும் வெட்ட நேர்ந்தது. மீண்டும் வளராத பொருளை அவ்வாறு இழப்பது பேரிழப்பன்றோ?

இக்குறையை நீக்க வழி கண்டவர், அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கேல் புவோனகோர் ஆவார். உலோகத் தகட்டில் வண்ணப்பூச்சு நன்கு பற்றுவதற்காக, தொழிற்சாலைகளில் முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அவர் அறிந்திருந்தார். அம்முறையை எனாமலில் செய்து பார்த்து, 1955 இல் முடிவை வெளியிட்டார். அமிலம் பட்ட எனாமலில் கண்ணுக்குப் புலனாகாத நுண்குழிகள் தோன்றின. அவற்றினுள் பிசின் புகுந்து இறுகிப் பற்றிக்கொண்டது. பல்லுக்குப் பகையாகிய அமிலமே, அளவறிந்து ஆளப்பட்டபோது பல்லுக்குத் துணையாயிற்று. பின்னர், அந்நாட்டவராகிய ரபேல் போவன், வலிய பிசின் ஒன்றை உருவாக்கி, 1962 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அப்பிசினோடு நுண்ணிய கண்ணாடித் துகள்களைச் சேர்த்துப் பல்லின் நிறத்தில் அமைப்பதே இக்காலத்து வெண்ணிற அடைப்பு.

மருத்துவர் முதலில் சொத்தையை அகற்றுவார். குழியை உமிழ்நீர் படாமல் உலர்த்துவார். அமிலம் தடவிச் சில நொடிகளில் கழுவுவார். பின்பு ஒட்டுநீர் பூசி, வெண்சாந்தை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக இடுவார். ஒவ்வோர் அடுக்கின்மீதும் நீலஒளியைப் பாய்ச்சியவுடன் அது இறுகிவிடும். இறுதியில், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துமாறு தேய்த்து மெருகிடுவார்.

இம்முறையிலும் குறைகள் இல்லாமல் இல்லை. ஈரம் பட்டால் சாந்து செவ்வனே ஒட்டாது. இறுகும்போது அது சிறிது சுருங்குவதால், விளிம்பில் இடைவெளி உண்டாயின் மீண்டும் சொத்தை விழக்கூடும். இரசக்கலவையினும் இதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும். எனினும், பாதரசம் நீரையும் நிலத்தையும் மாசுபடுத்துவதைக் கருதி, இரசக்கலவையை உலக நாடுகள் குறைத்து வருகின்றன. மருத்துவர் இன்றியமையாதது எனக் கருதும் இடம் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி முதல் நாளிலிருந்து அதனை விலக்கியுள்ளது.

வெண்சாந்தின் உயர்வு அதன் நிறத்தில் இல்லை. நல்ல பகுதியை வெட்டாமல் விடுவதிலேயே உள்ளது. குழி சிறிதாயிருக்கும்போதே மருத்துவரை அடைந்தவருக்கு அப்பயன் முழுமையாகக் கிட்டும். ஆயினும், மனிதர் செய்த சாந்து எதுவும் இயற்கை அளித்த எனாமலுக்கு ஈடாகாது. நாள்தோறும் இருமுறை புளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குதலும், இனிப்பை அளவறிந்து உண்ணுதலும், வலி வருமுன்னரே பற்களைச் சோதித்துக்கொள்ளுதலும் சிறிய செயல்களே. அச்சிறிய செயல்களே, ஒருமுறை இழந்தால் மீளப்பெற முடியாத செல்வத்தை வாழ்நாள் முழுதும் காப்பன.