இளவரசியின் முத்தும் துறவியின் கலிங்கும்

சோழ அரண்மனை என்றதும் தோழர்களே, நம் கண்முன் யார் வந்து நிற்கிறார்? பட்டு சலசலக்க, பதக்கம் பளபளக்க, சிலம்பு கொஞ்ச நடந்துவரும் இளவரசி! 2022ஆம் ஆண்டில் குந்தவை வெள்ளித்திரைக்கு வந்தபோதும் அவரது மதியைப் பேசியோர் சிலர். கொண்டையையும் கழுத்தணியையும் பேசியோர் பலர்!

உண்மைக் குந்தவை, இராசராசனின் தமக்கை, வல்லவரையர் வந்தியத்தேவரின் துணைவி. அவர் அணிந்ததைவிடக் கொடுத்ததைத்தான் நாம் நன்றாக அறிவோம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரே கணக்கேடாக இருக்கிறது. நான் கொடுத்தது, என் அக்கை கொடுத்தது, என் பெண்டிர் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது, எல்லாவற்றையும் கல்லில் வெட்டுக என்று ஏறத்தாழ 1010இல் ஆணையிட்டான் மன்னன்.

என்ன கணக்கு! பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல். நகையை நிறுக்கத் தக்ஷிணமேரு விடங்கன் என்னும் கல். திருப்பட்டிகை, ஏகாவளி, பாசமாலை என்று ஒவ்வோர் அணியும் தனித்தனியே. முத்து என்று மட்டும் எழுதி நகர்ந்தார்களா? இல்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி, சிவந்த நீர், குளிர்ந்த நீர்! கல்லிலே பொறிவா, முறிவா, வெந்ததா? கோத்த சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கிய எடை என்ன? அதுவும் உண்டு. இன்றைக்கு அடகுக்கடையிலே நம் வீட்டுத் தாலியை எடை போடுகிறவன் இத்தனை நேர்மையாக எழுதினால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? மன்னன் கொடுத்தவற்றில் ஒரு பகுதி, சேரனையும் பாண்டியரையும் வென்று அள்ளிவந்த பண்டாரம். அதையும் மறைக்காமல் வெட்டியிருக்கிறார்கள். தமிழன் தமிழனை வென்று எடுத்த பொன்! மணி கோத்துத் தைப்பவன், தையற்காரன், தட்டான், வண்ணான், நாவிதன் ஆகியோர்க்குரிய பங்கும் அதே சுவரில் இருக்கிறது. கடலில் மூச்சடக்கி அந்த முத்தை எடுத்தவன் மட்டும் அங்கே இல்லை.

இனி, அதே குந்தவையின் பெயரைத் தொடர்ந்து வடக்கே வருவோம். சவ்வாது மலைக்குக் கிழக்கே, போளூரிலிருந்து ஆரணி செல்லும் பக்கத்தில் திருமலை. அங்கே குந்தவை ஜினாலயம். தஞ்சையில் உமா பரமேசுவரியின் படிமத்துக்குப் பொன்னும் மணியும் பூட்டிய அம்மையாரின் பெயர், இங்கே சமணப் பள்ளிக்கு! இம்மலையிலே சுமார் 16 அடி உயரத்தில் நிற்கிறார் நேமிநாதர். அவர் மேனியில் பட்டு இல்லை, பதக்கம் இல்லை. ஒரு முழத் துண்டுகூட இல்லை!

அந்த மலையடிவாரத்துக் கல்வெட்டு ஒன்று இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ 1005. குணவீர மாமுனிவர் என்ற துறவி அங்கே கலிங்கு கட்டினார். மழை கொட்டும்போது மிகுநீரை வெளியே விட்டு, நீர்நிலையின் கரையைக் காப்பது கலிங்கு. அதன் அருமை, கரை உடைந்து நாற்று அடித்துக்கொண்டு போனவனுக்குத் தெரியும். உடைமை துறந்தவர் ஊருக்குச் செய்த நகை அது என்பேன் நான்.

இராசேந்திரன் காலத்தில், 1025ஐ ஒட்டி, அந்த ஜினாலயத்துக்கு இன்னொரு பெண் கொடை கொடுத்தார். அரச குலமல்ல, பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த வணிகன் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை. விளக்குக்கு 20 காசு, திருவமுதுக்கு 10 காசு. அவர் கழுத்தில் என்ன கிடந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. விளக்கு எரியவேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டது.