சின்னத் தொட்டியில் கடல் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

இடம் குறைவு, கடல்மீன் வளர்க்க 40 லிட்டர் தொட்டி போதும் என்று நினைப்போம். உண்மையில் சிறியதைப் பராமரிப்பதுதான் சிரமம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நீர் ஆவியாகும், உப்பு ஆகாது. 2 லிட்டர் வற்றினாலே உப்பு லிட்டருக்கு 37 கிராமை நெருங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் அதே இழப்பு தெரியவே தெரியாது. கண்ணாடியில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டு, குறைந்த அளவுக்குத் தினமும் ஆர்.ஓ. நீர் ஊற்றுங்கள், உப்புநீர் அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான்.

புதுத் தொட்டியில் மீனை உடனே விடவும் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும்; அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கினால்தான் ஆபத்து தணியும். இவை கல்லிலும் மணலிலும் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்குங்கள், அது போதும்.