மறுவாரமும் முகத்தில் விழிக்க வேண்டும்

திடல் தேடும் நகரங்கள் – 9

சென்ற வாரம் ஃபோர்ட் கொச்சியின் பரேட் கிரவுண்டைப் பார்த்தோம். ரூஃபஸ் டிசூசா காசு வாங்காமல் பல்லாண்டுக் காலம் காலைதோறும் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த திடல் அது. அங்கிருந்து மட்டாஞ்சேரி வழியாகக் காயலைக் கடந்து கிழக்கே வந்தால் வைட்டிலா. மரநிழல் போய்க் கான்கிரீட் தூண்கள் வந்துவிடும். 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் புறவழி, சகோதரன் அய்யப்பன் சாலை, பேட்டா சாலை, தம்மனம் சாலை எல்லாம் முட்டிக்கொள்ளும் முனை இது. 2011இல் இங்கே மொபிலிட்டி ஹப் என்ற பெரிய பேருந்து நிலையம் வந்தது. 2019 செப்டம்பரில் மெட்ரோ ரயிலும், 2021 ஜனவரியில் மேம்பாலமும், 2023 ஏப்ரலில் காக்கநாடு போகும் வாட்டர் மெட்ரோ படகும் வந்தன. இத்தனையும் மனிதர்களைக் கடத்திவிடுவதற்காகச் செய்யப்பட்டவை. ஆனாலும் பொழுது சாய்ந்தபின் இந்த முனையைச் சுற்றிய பகுதிகளில் ஒரு கூட்டம் நின்றுவிடுகிறது. தோளில் பையோடு, வலை கட்டிய டர்ஃப் என்ற செயற்கைப் புல் திடலுக்குள் நுழைகிறவர்கள். கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், கடை வைத்திருப்பவர், வங்கி ஊழியர் என்று பலரும் உண்டு. மறுநாள் காலை வேலைக்குப் போயாக வேண்டும் என்பது ஒன்றே இவர்கள் எல்லோருக்கும் பொது.

கொச்சிக்குக் கால்பந்து புதிதல்ல. 1973 டிசம்பரில் மகாராஜாஸ் கல்லூரித் திடலில், கேப்டன் மணி மூன்று கோல் போட, ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைத் தூக்கியது. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை கலூர் விளையாட்டரங்கத்துக்கு வந்தது. கேரள பிளாஸ்டர்ஸ் அணி ஆடும் இரவுகளில் அந்த அரங்கம் மஞ்சளாகிவிடும். பார்ப்பதில் இந்த ஊருக்குக் குறை சொல்ல முடியாது. பள்ளிப் பருவம் தாண்டியவர்களுக்கு ஆட எங்கே இடம் என்ற கேள்விக்குத்தான் நெடுநாள் நல்ல விடை இருந்ததில்லை. ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் அந்த இடத்தைக் கொடுத்தன. களமசேரியின் பிரீமியர் டயர்ஸ் அணி மாநிலமறிந்த அணியாக இருந்தது, சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி அணிகளைப் போல. ஆனால் அவை ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்த அணிகள். வேலைக்காரனுக்கு ஆட்டம் கொடுத்தவை அல்ல. முப்பத்தைந்து வயதில், தொந்தி எட்டிப் பார்க்கிற நிலையில், கால் கூசாமல் பந்தை உதைக்க நினைப்பவருக்கு அவற்றில் பந்து பொறுக்கிப் போடும் வேலைதான் மிச்சம்.

டர்ஃப் வந்ததும் இந்தக் கதவு திறந்தது என்பது பொதுவான கணிப்பு. விளக்கு வந்தது, வலை வந்தது, மழையில் சேறாகாத தரை வந்தது, அதனால் பெரியவர்கள் ஆட வந்தார்கள் என்கிறார்கள். பாதி உண்மை. விளக்கும் தரையும் ஒருவரை முதல் நாள் அழைத்து வரும். பத்தாவது வாரமும் வர வைப்பது வேறொன்று. ஆட்டத்தில் உடம்பில் முட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு அது. அந்தக் கட்டுப்பாடும் சும்மா ஒரு மணி நேர ஸ்லாட் எடுத்து ஆடுகிற இடத்தில் நிலைப்பதில்லை. அதே ஆட்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் லீக்கில்தான் நிலைக்கிறது. டர்ஃப் கணக்குப் பார்ப்பவர்கள் சதுர அடியை எண்ணுகிறார்கள். சந்திப்புகளை எண்ண வேண்டும் என்பதே இந்த வாரத்து வாதம்.

முட்டுவதன் கதை மலபாரின் செவன்ஸில் நன்றாகத் தெரியும். அறுத்த வயலில், மூங்கிலும் கமுகும் கட்டிய காலரியின் நடுவே, அணிக்கு ஏழு பேர். ஃபிஃபா மஞ்சேரி, அல் மதீனா செர்புளச்சேரி, சூப்பர் ஸ்டுடியோ மலப்புறம் என்று அணிப் பெயர்களே ஒரு தனிக் கவிதை. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கூலிக்கு ஆட்டக்காரர்கள் வருவார்கள். கூட்டம் காசு கொடுத்து உள்ளே வருவதால் வேகமும் மோதலும் வேண்டும், நடுவரும் விசிலைக் கொஞ்சம் நிதானமாகத்தான் ஊதுவார். அது பார்வையாளருக்கான ஆட்டம். அந்த வகையில் அதில் குறையொன்றுமில்லை. வைட்டிலாவின் இரவு ஆட்டத்துக்குப் பார்வையாளரே கிடையாது. மாற்று ஆட்டக்காரர் இரண்டு பேர் வலையோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். பார்க்க ஆளில்லாத ஆட்டத்தில் யாருக்காக முட்டிக்கொள்வது?

முட்டாமல் ஆடுவதையே ஒரு தனி விளையாட்டாக்கிய ஊர்கள் உண்டு. 1960களில் சிட்னியின் தெற்குப் பகுதியில் ரக்பி ஆட்டக்காரர்கள் பயிற்சிக்காக, ஆளைக் கீழே தள்ளாமல் தொட்டாலே போதும் என்று ஆடிவந்தார்கள். பாப் டைக், ரே வாடன் என்ற இருவர் அதற்கு விதி எழுதி, 1968இல் சங்கமும் அமைத்தார்கள். டச் ஃபுட்பால் என்று பெயர். பக்கத்துக்கு ஆறு பேர், ஆறு முறை தொடப்பட்டால் பந்து எதிரணிக்கு. ரக்பியை விட்டு ஓய்வு பெற வேண்டியவர்களும் ரக்பியை நினைத்தே பார்க்காதவர்களும் ஒரே களத்தில் இறங்கினார்கள். 1988இல் அதற்கு உலகக் கோப்பை நடந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்புப் பிரிவு அந்த விளையாட்டின் முறையான பிரிவுகளில் ஒன்று. இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் 2011இல் ஐம்பது தாண்டியவர்களுக்காக நடந்தே ஆடும் கால்பந்து தொடங்கியது. நம்மிடமும் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. சடுகுடுவில் பாடிப் போகிறவனின் தொடுகை மென்மையானது, பிடிப்பவர்களின் பிடிதான் கணுக்காலைக் கேட்கும். ஆனால் கிளித்தட்டில் தொடுவதோடு சரி. கோட்டில் மறித்து நிற்பவர் தொட்டால் ஆள் வெளியே. யாழ்ப்பாணத்தில் பெரியவர்களும் இறங்கி ஆடிய ஆட்டம் அது என்பது தற்செயல் அல்ல என்றே தோன்றுகிறது.

பெரியவர்கள் ஆட வேண்டிய தேவை என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு கணக்கு. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை. ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57. முந்தைய ஆண்டு வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கேரளத்தில் சர்க்கரை நோய் உள்ளோரை 25.5 விழுக்காடு என்றது. நான்கில் ஒருவர். இதற்கு நடைப்பயிற்சி போதாதா என்றால், போதும், நடந்தால். கோபன்ஹேகனில் பீட்டர் க்ருஸ்ட்ரப், யென்ஸ் பாங்ஸ்போ குழுவினர் பயிற்சியே இல்லாத ஆண்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, வாரம் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம் கால்பந்து ஆட வைத்தார்கள். 12 வாரத்தில் இரத்த அழுத்தம் இறங்கியது, மூச்சுத் திறன் ஏறியது. தனியாக ஓடியவர்களுக்குக் கிடைத்த பலனுக்கு இது எந்த வகையிலும் குறையவில்லை. அந்த ஆட்டக்காரர்கள் யாரும் திறமைசாலிகள் அல்லர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மருந்து ஆட்டத்தின் தரத்தில் இல்லை, வாரம் தவறாமல் வருவதில் இருக்கிறது. ஒரு கணுக்கால் சுளுக்கினால் அந்த வருகை ஒரு மாதம் அறுந்துபோகும். பலருக்கு அதோடு நின்றும்விடும். வீட்டில், “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்ற கேள்வி தயாராகக் காத்திருக்கும்.

இனி, லீக் எதற்கு? வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் கிடைத்தால் ஆடிவிட்டுப் போகலாமே? போகலாம். ஆனால் இன்று பார்த்து நாளை பார்க்காத ஆளின் காலை இடறிவிட்டால், இடறியவனுக்கு நஷ்டமில்லை. ராபர்ட் ஆக்ஸல்ராட் 1984இல் எழுதிய நூலில் ஒத்துழைப்பு எங்கே முளைக்கும் என்று ஆராய்ந்தார். நல்லவர்கள் கூடும் இடத்தில் என்று அவர் சொல்லவில்லை. மறுபடி சந்திக்கப் போகிறோம் என்று இருவருக்கும் தெரிந்த இடத்தில் என்றார். நம் ஊர்ப் பேச்சில் இதற்கு முழுக் கோட்பாடும் நாலு சொல்லில் இருக்கிறது: நாளைக்கு அவன் முகத்தில் முழிக்கணும். லீக் என்பது அந்த நாளையை அட்டவணை போட்டு எழுதி வைப்பது. எட்டு அணிகள் இருமுறை மோதினால் ஒவ்வோர் அணிக்கும் பதினான்கு ஆட்டம். யார் பின்னாலிருந்து இடிப்பார், யார் விழுந்தவருக்குக் கைகொடுப்பார் என்பது மூன்றாவது வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

விதியும் இதற்குத் துணை செய்ய முடியும். ஃபுட்சால் ஆட்டத்தை 1930இல் உருகுவேயின் மொன்டேவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி வகுத்தார். ஒய்.எம்.சி.ஏ. கூடத்துக்குள் ஆடுவதற்காக வகுத்ததால் உடல் மோதலை அடக்கியே வைத்தார். இன்றைய ஃபுட்சால் விதியில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. ஒரு பாதியில் அணியின் ஃபவுல்கள் ஐந்தைத் தாண்டினால், ஆறாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை. அதாவது ஒருவரின் முரட்டுத்தனத்துக்கு அணி முழுதும் கடன் கட்ட வேண்டும். நடுவர் கண்டிப்பதற்கு முன்பே, “டேய், பாத்து ஆடு!” என்று சொந்த அணியே அதட்டும். ஊர்க்கட்டுப்பாட்டின் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது புரியாமல் போகாது. டர்ஃப் லீக்குகள் சறுக்கிப் பந்தைப் பறிப்பதைத் தடுத்தால் மட்டும் போதாது, இந்த எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முட்டாத கால்பந்து கால்பந்தே அல்ல என்பது முதல் மறுப்பு. ரசிகர்களின் இந்தக் கோபம் 160 ஆண்டுப் பழையது. 1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் விதிகளை எழுதியபோது எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதை அனுமதிப்பதா என்று பெரும் சண்டை. அதைத் தடுத்தால் ஆட்டத்தின் வீரமே போய்விடும் என்று வாதாடிய பிளாக்ஹீத் சங்கம் கடைசியில் வெளியேறியது. உதை தடை செய்யப்பட்டது. வெளியேறியவர்களின் வழி ரக்பிக்குப் போனது. ஆக, இன்று உலகமே ஆடும் கால்பந்து பிறந்ததே ஒரு வகை மோதலை விலக்கி வைத்ததால்தான். முப்பத்தெட்டு வயதுக்காரர்கள் இன்னும் ஒரு படி விலக்கிக்கொள்வதால் மரபு கெட்டுவிடாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுவது பெரும்பாலும் இடிபட்டு அல்ல. தானாகத் திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும்தான். முட்டக்கூடாது என்ற விதி அதை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். செயற்கைப் புல் கணுக்காலைப் பிடித்து நிறுத்துகிறது, வெயிலில் கொதிக்கிறது என்ற குறைகளும் உண்டு. ஆனால் இதற்கும் மருந்து தெரியாமலில்லை. ஃபிஃபா வகுத்த 11 பிளஸ் என்ற இருபது நிமிடப் பயிற்சி காயங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த இருபது நிமிடத்தை யார் செய்கிறார்கள்? மணிக்கணக்கில் வாடகை ஓடும் திடலில் ஸ்லாட்டின் முதல் நிமிடத்திலேயே பந்து உருள வேண்டும் என்பதுதான் எல்லோருடைய அவசரம். லீக் நடத்துபவர் நினைத்தால் முந்தைய ஆட்டம் நடக்கும்போதே அடுத்த இரு அணிகளை வலைக்கு வெளியே கூட்டிப் பயிற்சி செய்ய வைக்கலாம். தனி ஸ்லாட்காரர்களிடம் இதைச் சொல்ல ஆளே இல்லை.

பணம் பற்றிய மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. பத்துப் பேர் பங்கிட்டாலும் டர்ஃப் வாடகை கட்டடத் தொழிலாளிக்கு எட்டாது. வைட்டிலாவின் தூண்களை எழுப்பியவர்கள் அந்த வலைக்குள் ஆடப்போவதில்லை. டர்ஃபைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் இந்த வாதம் டர்ஃபுக்கானது அல்ல. தொடர் சந்திப்பு, ஃபவுல் எண்ணிக்கை, இரு அணியையும் சேராத நடுவர் ஆகிய மூன்றுக்கும் செயற்கைப் புல் தேவையில்லை. பரேட் கிரவுண்டின் ஒரு மூலையிலும், ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற திடலிலும் ஞாயிறு காலையில் இதே லீக்கை நடத்தலாம். பெண்கள் விஷயத்திலும் இதுவே. தோளில் மோதும் ஆட்டத்தில் தயங்கி நிற்பவர்கள், மோதலை விலக்கிய கலப்பு அணியில் இறங்குவதற்கு சிட்னியே சான்று.

எனவே லீக்கில் சேர நினைப்பவர் நுழைவுக் கட்டணம் கட்டுமுன் புல்லின் தரத்தையும் கோப்பையின் உயரத்தையும் விசாரிப்பதைவிட வேறு மூன்றை விசாரிக்கலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி நடுவர் உண்டா? சிவப்பு அட்டை வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் உண்மையிலேயே வெளியே உட்கார்கிறாரா, அல்லது ஆள் குறைகிறது என்று அவரையே மறுபடி இறக்குகிறார்களா? கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கும் கடைசி வாரம் வரை ஆட்டம் உண்டா? மூன்றாவது கேள்வி பல இடங்களில் மறந்துபோகிறது. தோற்றால் வெளியே என்ற ஒருநாள் போட்டிக்கு லீக் என்று பேர் வைத்துவிடுகிறார்கள். அதில் மறுவாரமே கிடையாது. செலவு கையைக் கடிக்கும்போது முதலில் வெட்டப்படுவது நடுவரின் சம்பளம்தான். கோப்பை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அங்குலம் வளர்ந்துகொண்டே போகிறது.