போர்டோடு பேசுவோம் – 14: பிங்... பிங்... பிங்...

பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினிப் போர்டை சீரியல் கேபிள் வழியே எழுப்பி, லினக்ஸை ஏற்றும் பூட்லோடரான யு-பூட்டின் கட்டளை வரியில் நிறுத்தியதோடு சென்ற வாரம் முடிந்தது.

இந்த வாரம் டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் நெறிமுறை மூலம் லினக்ஸ் கெர்னலைக் கணினியிலிருந்து போர்டுக்கு இழுப்பதாகச் சொல்லியிருந்தேன். இழுப்பதற்கு முன்னால் இரண்டும் பேசிக்கொள்ள வேண்டுமே! பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஈதர்நெட் கேபிளைப் போர்டிலிருந்து நேராக லேப்டாப்பில் செருகியாயிற்று. விளக்கு எரிகிறது. போர்டுக்கு 192.168.1.50, லேப்டாப்புக்கு 192.168.1.10 என்று முகவரியும் கொடுத்தாயிற்று. மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை லேப்டாப்பிலிருந்து அடித்தால் பதிலே இல்லை. உடனே கேபிளை மாற்றுவார்கள். அப்புறம் போர்டையே சந்தேகப்படுவார்கள்.

போர்டில் குறையே இல்லை. யு-பூட், தன்னுடைய நெட்வொர்க் கட்டளை ஒன்று ஓடும் நேரத்தில் மட்டும்தான் ஈதர்நெட்டைக் கவனிக்கும். அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும்போது யார் கதவைத் தட்டினாலும் அதற்குக் கேட்காது. அதனால் யு-பூட்டில் இருக்கும்வரை போர்டிலிருந்து கணினிக்குத்தான் பிங் அடிக்க வேண்டும்.

அப்படி அடித்தும் 'நாட் அலைவ்' என்று வருகிறதா? லேப்டாப்பில், அது நெட்வொர்க்கில் கண்ட கருவிகளின் முகவரிகள் பதிவாகும் 'ஏஆர்பி' பட்டியலைத் திறந்து பாருங்கள். போர்டின் முகவரி அங்கே பதிவாகியிருந்தால் போர்டு அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது; கேபிள்மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால்தான் பிங்கை விழுங்கியிருக்கும். லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால், நீங்கள் கொடுத்த முகவரி அதில் ஏறவேயில்லை; தானாக முகவரி தரும் டிஹெச்சிபி கிடைக்காமல் அது தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பிங்கைப் பற்றிப் படிக்கப்போய், வாரம் முழுக்க அதிலேயே மூழ்கிவிட்டேன். பிங் நிரலை எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ராணுவ பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1983 டிசம்பரில் அங்கே நெட்வொர்க் மக்கர் செய்ய, காரணம் தேட ஒரே இரவில் சுமார் ஆயிரம் வரி எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியையே பெயராக வைத்தார். நிரல் ஓடத் தொடங்குவதற்குள் அந்தக் கோளாறு சரிசெய்யப்பட்டுவிட்டதாம்! எதற்காகப் பிறந்ததோ அதற்குப் பயன்படாமல், 40 ஆண்டுகளுக்கு மேலாக உலகத்துக்கே பயன்படுகிறது.

மூஸ் கேட்டு ரசித்து எழுதிவைத்த கதை இதைவிட அருமை. ஒரு நெட்வொர்க் நிர்வாகிக்கு விட்டுவிட்டு அறுந்துபோகும் ஈதர்நெட். கண்டுபிடிக்கவே முடியாத வகை. அவர் பிங்கின் ஒவ்வொரு பதிலையும் பேச்சொலியாக மாற்றி, அலுவலக ஸ்டீரியோவில் இணைத்து, காது தாங்கும் மட்டும் சத்தத்தைக் கூட்டினார். விநாடிக்கு ஒருமுறை 'பிங்' என்று அது கத்திக்கொண்டிருக்க, கட்டடம் முழுக்க நடந்து கனெக்டர்களை ஒவ்வொன்றாக ஆட்டினார். எதை ஆட்டியபோது சத்தம் நின்றதோ, கோளாறு அங்கே. திரையைப் பார்க்க ஆள் தேவையில்லை, கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கிறது. இவ்வளவு அழகான பழுதறிதல் முறையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நீங்களும் செய்யலாம். போர்டில் லினக்ஸ் முழுதாக ஏறிய பிறகு, உங்கள் லினக்ஸ் கணினியிலிருந்து பிங் கட்டளையோடு சின்ன 'ஏ' தேர்வைச் சேர்த்து அடியுங்கள். டெர்மினலில் மணியொலி இயக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒலிக்கும். பிறகு கேபிளின் இரு முனைகளையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். கிளிப் உடைந்த பிளக் அப்போதே மாட்டிக்கொள்ளும்.

டிஎஃப்டிபிக்கு இடம் இல்லை. அடுத்த வாரம் கட்டாயம் உண்டு. அதற்குள் கணினியின் ஃபயர்வாலில் டிஎஃப்டிபிக்கான யுடிபி 69-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்துவிடுங்கள்.

(தொடரும்)