ஊர் தூங்கும்போது உழைக்கும் பூதங்கள்!

2012 ஜூன் மாதம். பிரிட்டனில் லட்சக்கணக்கான மக்கள் ஏடிஎம் முன்னால் திகைத்து நின்றார்கள். கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதே சரியாகத் தெரியவில்லை. வீட்டுக் கடன் தவணையைக் குறித்த நாளில் கட்ட முடியவில்லை. சில நிறுவனங்களால் ஊழியர்களுக்குச் சம்பளம் போட முடியவில்லை. வெளிநாடு போயிருந்த சிலர் கையில் காசில்லாமல் தவித்தார்கள்.

ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட், அல்ஸ்டர் என ஒரே குழுமத்தைச் சேர்ந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்த 65 லட்சம் பேருக்கு இந்த நிலைமை. கொள்ளையும் இல்லை, ஹேக்கரும் இல்லை. ராத்திரி நடக்க வேண்டிய வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான்!

அதென்ன ராத்திரி வேலை?

கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுபவர்களை எல்லோரும் பார்க்கிறோம். பின்கட்டில் விடிய விடியக் காய் நறுக்குபவர்களை யாரும் பார்ப்பதில்லை. சர்வரும் அப்படித்தான். பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பந்தி. அன்றைய கணக்கை முடிப்பது, பேக்கப் எடுப்பது, வட்டி கணக்கிடுவது, பழைய ஃபைல்களை அழிப்பது எல்லாம் பின்கட்டு வேலை.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, எப்போதும் விழித்திருந்து 'யாராவது கூப்பிடுகிறார்களா' என்று காத்திருப்பவை. இவற்றுக்கு 'டீமன்' என்று பெயர். 1963-ல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்தவர்கள், இயற்பியல் மேதை மேக்ஸ்வெல் கற்பனை செய்த ஒரு குட்டிப் பூதத்தை நினைத்து வைத்த பெயர் இது.

இன்னொரு வகை, கடிகாரம் பார்த்து எழுபவை. யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் இவற்றை எழுப்பிவிடுவது 'க்ரான்'. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்களை நிரப்பிவிட்டால் போதும், சொன்ன நேரத்துக்கு டாண் என்று வேலை தொடங்கிவிடும். விண்டோஸில் இதே வேலையைச் செய்வது 'டாஸ்க் ஷெட்யூலர்'.

எங்கே சறுக்கியது?

வங்கியில் இந்த வேலைகள் வரிசை தப்பாமல் நடக்க வேண்டும். வரவு செலவு ஏறிய பிறகுதான் வட்டி கணக்கிட முடியும். இந்த வரிசையைக் காக்கும் மென்பொருளை ஜூன் 17-ம் தேதி புதுப்பித்தார்கள். கோளாறு தெரிந்ததும், 19-ம் தேதி அதை நீக்கிவிட்டுப் பழையதற்கே திரும்பினார்கள். நீக்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவில்லை. பழையதும் புதியதும் ஒத்துப்போகவில்லை. வேலைகள் மலைபோலக் குவிந்தன. அல்ஸ்டர் வங்கி சீராக ஜூலை 10 ஆகிவிட்டது. 2014 நவம்பரில் அந்தக் குழுமத்துக்கு விழுந்த அபராதம், 5 கோடியே 60 லட்சம் பவுண்டு!

சத்தமில்லாத தோல்வி

இன்னொரு சம்பவம் 2017 ஜனவரி 31-ல் நடந்தது. மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் 'கிட்லேப்' தளத்தில், ஓர் ஊழியர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். பேக்கப் இருக்குமே என்று தேடினால், பெட்டி காலி! தினமும் பேக்கப் எடுக்க வேண்டிய வேலை, மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. 'தோற்றுவிட்டேன்' என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக ஒருவர் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

கடை, கிளினிக், ஆடிட்டர் அலுவலகம் என எங்கே சர்வர் இருந்தாலும், அதைப் பராமரிப்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்:

* ராத்திரி என்னென்ன வேலைகள் ஓடுகின்றன? பட்டியல் இருக்கிறதா?

* ஒரு வேலை நின்றுபோனால் யாருக்குத் தகவல் வரும்? தகவலே வராவிட்டால் அதை யார் கவனிப்பார்கள்?

* பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலையாவது கடைசியாக எப்போது திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், இன்றைக்கே ஒரு ஃபைலை எடுத்துக் காட்டச் சொல்வது நல்லது.