புதிதாய் வறுத்த காப்பிக்கொட்டை: வீட்டுக்குத் தருவிப்பது எவ்வாறு?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்து இல்லங்களில் காப்பிச் செலவு கூடுவது யாவரும் அறிந்ததே. அதே மாதங்களில்தான் காப்பிப் பொடி விரைந்து கெடுகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று, டப்பாவைத் திறக்குந்தோறும் உள்ளே புகுகின்றது. பொடி கட்டிதட்டுகிறது, மணம் குன்றுகிறது. மணம் குன்றிய பொடியில் திடம் வேண்டி இன்னும் ஒரு கரண்டி சேர்க்கிறோம். மாத முடிவில் செலவு ஏறியிருக்கும்; நல்ல காப்பி குடித்த நிறைவோ இராது.

தறியிலும் வயலிலும் உழைத்து ஈட்டும் பணத்தில் காப்பிக்கெனச் செலவாகும் பங்கு சிறிதன்று. ஆதலின் அப்பணத்துக்கு உரிய சரக்கைப் பெறும் வழியை இக்கட்டுரையில் ஆராய்வோம். சுருங்கச் சொன்னால் வழி இதுவே: பொடியாக வாங்காமல் கொட்டையாக வாங்குதல்; அண்மையில் வறுத்ததையே வாங்குதல்; ஒரு வாரத் தேவைக்கு மேல் வாங்காதிருத்தல்; தனியே தருவிக்க இயலாதவர்கள் சேர்ந்து தருவித்தல்.

கொட்டையும் பொடியும்

காப்பிக்கொட்டைக்கு மூன்று நிலைகள் உண்டு. வறுக்காத பச்சைக் கொட்டையை ஈரம் படாமல் வைத்தால் ஏறத்தாழ ஓராண்டு கெடாது. வறுத்த கொட்டையின் நற்குணம் சில வாரங்களே நிற்கும். அரைத்த பொடியின் மணமோ சில நாட்களிலேயே பெரிதும் போய்விடும்.

இதற்குக் காரணம் உண்டு. கொட்டையை 200 டிகிரி செல்சியஸ் அளவான வெப்பத்தில் வறுக்கும்போது அதிலுள்ள நீர் ஆவியாகிறது. சர்க்கரைப் பொருள்கள் பழுப்பேறுகின்றன. கொட்டை படபடவென வெடித்துப் பருக்கிறது. காப்பியின் மணம் முழுவதும் அப்பொழுதுதான் பிறக்கின்றது. அதனோடு கரியமில வாயுவும் உண்டாகிக் கொட்டைக்குள் தங்கி, பின்னர்ச் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. அவ்வாயு உள்ளவரை காற்றிலுள்ள பிராணவாயு எளிதில் உட்புகாது. கொட்டையை அரைத்துவிட்டாலோ அக்காப்பு உடைகின்றது. காற்றும் ஈரமும் ஒவ்வொரு துகளையும் பற்றுகின்றன. முன்னாளில் பல இல்லங்களில் பச்சைக் கொட்டையை வீட்டிலேயே வறுத்து, அன்றன்றைக்கு வேண்டியதைக் கையால் சுற்றும் இயந்திரத்தில் அரைத்துக்கொண்டதன் நியாயம் இதுதான்.

இன்னொரு கணக்கும் அறியத்தக்கது. ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் கிடைப்பது 800 முதல் 850 கிராம் வரைதான். ஆகவே வறுத்த கொட்டையின் விலை பச்சைக் கொட்டையின் விலையைவிடக் கூடுதலாயிருப்பது முற்றிலும் வியாபாரியின் இலாபம் அன்று.

எங்கிருந்து வருகிறது?

நம் வட்டாரத்துச் சமவெளி நெல்லுக்கும் தென்னைக்கும், புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைக்கும் பெயர் பெற்றது. காப்பியை நாம் வெளியிலிருந்தே பெறவேண்டும். தமிழ்நாட்டில் கீழ்ப்பழநி மலை, சேர்வராயன் மலை, நீலகிரி முதலிய இடங்களில் காப்பி விளைகிறது. கீழ்ப்பழநி மலையிலுள்ள தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அம்மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி, காப்பியைப் பதப்படுத்தும் தொழிலுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர். இந்தியக் காப்பித் தோட்டங்களில் நூற்றுக்கு 98க்கு மேற்பட்டவை 10 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு தோட்டங்களே. அவற்றை நடத்துவோரும் நம்மைப் போன்ற சிறு விவசாயிகளே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி விளைந்த காப்பியை வாரியத்தின் பொதுத் தொகுப்பிலேயே சேர்க்க வேண்டியிருந்தது. 1990களில் அக்கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முற்றிலும் நீங்கியது. அதன் பயனாகத் தோட்டக்காரர் இன்று தம் சரக்கைத் தாமே வறுத்து, நேராக வீடுகளுக்கு அனுப்பலாம். விரைவு அஞ்சலில் தென்காசிக்குத் தருவிப்பதற்கும் தடையில்லை.

சிக்கரிக் கணக்கு

சிக்கரி என்பது ஒருவகைக் கிழங்கை உலர்த்தி வறுத்து அரைத்தது. அது நஞ்சன்று, டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தருவது. அதனை விரும்புவோர் சேர்த்துக்கொள்ளலாம். காப்பியின் விலையைக் கொடுத்துச் சிக்கரியை அறியாமல் வாங்குவதே தவறு. சட்டப்படி கலப்புப் பொடியில் எடையில் நூற்றுக்கு 51 பங்கேனும் காப்பி இருத்தல் வேண்டும். காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று உறையின்மேல் அச்சிடவும் வேண்டும். இரு கடைகளில் அரைக்கிலோப் பொட்டலம் ஒரே விலை என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 60க்கு 40 கலப்பு. மற்றொன்று 80க்கு 20. முன்னதில் காப்பி 300 கிராம். பின்னதில் 400 கிராம். மாதத்திற்கு நான்கு பொட்டலம் வாங்கும் வீட்டுக்கு 400 கிராம் காப்பி வித்தியாசப்படுகிறது.

ஐயம் தோன்றினால் ஒரு கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீர் எடுத்து, அதன்மேல் சிறிது பொடியைத் தூவுக. காப்பித் தூள் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்பு நிறக் கோடிட்டு அடியில் இறங்கும். கொட்டையாக வாங்குவோருக்கு இச்சோதனையே வேண்டா. கொட்டையில் சிக்கரியை மறைக்க இடமில்லை.

என்ன கேட்டு வாங்குவது?

முதலாவது, வறுத்த தேதி. உறையிட்ட தேதியும், இத்தனை மாதம் வரை பயன்படுத்தலாம் என்ற குறிப்பும் இதற்கு ஈடாகா. வறுத்த தேதியைச் சொல்லத் தயங்கும் இடத்தில் வாங்காதிருப்பதே நலம். இரண்டாவது, கொட்டையின் இனம். அராபிக்கா மணம் மிக்கது. ரொபஸ்டா திடமும் கசப்பும் மிக்கது. பழத்தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிக்காவைப் ‘பிளாண்டேஷன்’ என்றும், பழத்தோடு உலர்த்தியதைச் ‘செர்ரி’ என்றும் வகைப்படுத்துவர். ‘பீபெரி’ என்பது ஒரு பழத்துள் இரண்டுக்குப் பதில் ஒன்றாய் விளைந்த உருண்டைக் கொட்டை. அப்பெயர் ஒன்றே புதுமைக்கு உறுதியாகாது. மூன்றாவது, உறை. வாயு வெளியேறவும் காற்று உட்புகாதிருக்கவும் ஒருவழித் திறப்பு வைத்த உறையே ஏற்றது.

வந்த கொட்டையைக் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்கு அப்பால் இருளும் உலர்வுமான இடத்தில் வைக்க வேண்டும். அடிக்கடி திறக்கும் டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்தால், வெளியே எடுக்கும்போது உள்ளே நீர் கோக்கும். சாரல் நாட்களில் அது இன்னும் மிகுதி. மிக்சியில் அரைப்போர் சூடேறாதவாறு விட்டுவிட்டு அரைத்தல் நன்று. மில்லில் கொடுத்து அரைப்போர், மிளகாயோ மல்லியோ அரைத்த இயந்திரத்தில் போடாதபடி பார்த்துக்கொள்ளுக. காப்பி பிறவாசனையை உடனே ஏற்கும்.

சேர்ந்து தருவிப்போம்

நால்வர் உள்ள வீட்டில் நாளுக்கு இருவேளை, வேளைக்கு ஆளுக்கு 8 கிராம் எனக் கொண்டால் வாரத்திற்கு 450 கிராம் ஆகிறது. அரைக்கிலோவை மட்டும் வாரந்தோறும் தனியே தருவித்தால் அஞ்சற்செலவு மிகும். பத்து வீட்டார் சேர்ந்தால் 5 கிலோ ஆகிறது. அவ்வளவுக்காகக் குறித்த நாளில் புதிதாய் வறுத்து அனுப்ப வறுப்பவரும் இசைவர். செலவும் பத்தாய்ப் பகிரப்படும். துணை விதிகள் இடந்தரும் சங்கங்கள் இப்பணியைத் தாமே மேற்கொள்ளலாம்.

இது புதிய எண்ணமன்று. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாய் 28 பேர் கூடிக் கடை வைத்ததே, கலப்பற்ற மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் நியாயமான விலைக்கு வேண்டித்தான். நம் நாட்டில் காப்பி வாரியம் தன் காப்பி இல்லங்களை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் அவற்றைத் தாமே நடத்தலாயினர். காப்பி விற்கும் தொழிலாளருக்கு இயன்ற ஒற்றுமை, காப்பி வாங்கும் நமக்கும் இயலும்.

அடுத்த சாரல் வருமுன் ஒவ்வொரு தெருவிலும் பத்து வீட்டார் கூடி, ஒரு வாரத்திற்கு மட்டும் இதனைச் செய்து பார்ப்பார்களாக. வறுத்த தேதியும் எடையும் விலையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு மாதக் கணக்கை முந்திய மாதக் கணக்கோடு ஒப்பிட்டால், இம்முறை தமக்கு ஏற்றதா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.